நடத்தப்படாத வாக்கெடுப்பு: ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர்கள் மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர்கள் மன்றத்தில் வீற்றிருக்கும் உறுப்பு நாடுகளின் அமைச்சர்களுக்கு,

வணக்கம்.

ஒன்றியத்தின் நாடொன்றில் குடியுரிமை பெற்று, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்களில் வாக்களித்து வரும் தமிழர்களில் நானும் ஒருவன். உங்கள் மன்றம் நிறைவேற்றும் சட்டம் என்னையும் கட்டுப்படுத்துகிறது. உங்களை நோக்கிக் கேள்வி கேட்க வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை, தேவையும் இல்லை என்று கருதுகிறேன். கேட்க விரும்புவது இதுதான்: உறுப்பு நாடொன்றில் தாராளவாத ஜனநாயகம் சிதைக்கப்படும்போது அதைக் காப்பதற்கென்றே ஒப்பந்தம் உங்களிடம் ஒப்படைத்திருக்கும் வாக்கெடுப்பை நீங்கள் ஏன் நடத்துவதே இல்லை?

ஒன்றிய ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவு மனித மாண்பையும் சுதந்திரத்தையும் ஜனநாயகத்தையும் சமத்துவத்தையும் சட்டத்தின் ஆட்சியையும் சிறுபான்மையினரின் உரிமைகள் உள்ளிட்ட மனித உரிமைகளையும் ஒன்றியத்தின் அடித்தளமாக அறிவிக்கிறது. 1993இல் கோபன்ஹேகனில் வகுக்கப்பட்ட அளவுகோல்களின்படி, உள்ளே வர விரும்பும் எந்த நாடும் இவற்றில் தேறியாக வேண்டும். உள்ளே வந்த பிறகு ஒரு நாடு பின்வாங்கினால் என்ன செய்வது என்பதற்கு 1997இல் கையெழுத்தான ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் 7ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. 2001இல் கையெழுத்தான நீஸ் ஒப்பந்தம் அதற்கு முன்னெச்சரிக்கைக் கட்டம் ஒன்றைச் சேர்த்தது. அந்த முதல் கட்டத்தில், அடிப்படை விழுமியங்கள் கடுமையாக மீறப்படும் தெளிவான அபாயம் இருக்கிறது என்று உங்கள் மன்றம் ஐந்தில் நான்கு பங்குப் பெரும்பான்மையோடும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடும் அறிவிக்கலாம். இரண்டாம் கட்டத்தில், மீறல் கடுமையானது, தொடர்ச்சியானது என்று அரசுத் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய மன்றம் ஒருமனதாக முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகே, அந்நாட்டு அரசுக்கு உங்கள் மன்றத்தில் உள்ள வாக்குரிமை உள்ளிட்ட சில உரிமைகளை நிறுத்திவைக்க முடியும்.

ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2017 டிசம்பர் 20 அன்று போலந்தின் மீது முதல் கட்டத்தைத் தொடங்கியது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2018 செப்டம்பர் 12 அன்று, 448 பேர் ஆதரித்தும் 197 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, ஹங்கேரியின் மீது அதைத் தொடங்கியது. அந்த வாக்கு எண்ணப்பட்ட முறையையே எதிர்த்து ஹங்கேரி அரசு ஒன்றிய நீதிமன்றத்துக்குச் சென்றது. 2021 ஜூனில் வழக்கு தள்ளுபடியானது. ஆகவே சட்டச் சிக்கல் எதுவும் உங்கள் வழியில் நிற்கவில்லை. இருந்தும் 2025 முடிய இவ்விரண்டு முன்மொழிவுகளில் ஒன்றுகூட உங்கள் மன்றத்தில் வாக்கெடுப்புக்கு வரவில்லை. மூடிய கதவுகளுக்குள் விசாரணை அமர்வுகள் நடந்தன; அமைச்சர்கள் கேள்வி கேட்டார்கள்; சம்பந்தப்பட்ட அரசின் பிரதிநிதி பதில் சொன்னார்; பிறகு எல்லாரும் கலைந்து சென்றார்கள்.

இதற்கு நீங்கள் பொதுவெளியில் சொல்லிவந்த காரணம், ஒருமனது கிட்டாது என்பது. போலந்தின் வார்சாவும் ஹங்கேரியின் புடாபெஸ்டும் ஒன்றையொன்று காப்பாற்றும் என்பதால் 7ஆம் பிரிவு செத்த பிரிவு என்று பலர் எழுதினார்கள். நீங்களும் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒருமனது தேவைப்படுவது இரண்டாம் கட்டத்துக்கு மட்டுமே. முதல் கட்டத்துக்கு ஐந்தில் நான்கு பங்கு போதும். ஒரு நாடோ இரு நாடுகளோ தடுக்க முடியாத வாக்கெடுப்பு அது. இரண்டாம் படியில் ஏற முடியாது என்பதை முதல் படியில் கால் வைக்காமலிருப்பதற்கு நீங்கள் காரணமாக்கினீர்கள்.

இதைக் கடுமையான சொல்லால் குறிப்பிட வேண்டியிருந்தால் கடமை தவறல் என்றே சொல்வேன். எனினும் அப்படிச் சொல்வதற்கு முன், கடமை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் உங்களில் சிலருக்கு மனத்தளவில் இதில் உண்மையான தயக்கம் இருக்கிறது என்று நம்புகிறேன். தேர்தலில் வென்று வந்த ஓர் அரசை, அந்நாட்டு மக்கள் தேர்ந்தெடுக்காத பிற நாட்டு அமைச்சர்கள் கூடித் தண்டிப்பது ஜனநாயகமா என்ற கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2010இல் ஹங்கேரியில் விக்தோர் ஒர்பானின் ஃபிடெஸ் கட்சி தலைமையிலான கூட்டணி ஏறத்தாழ 53 விழுக்காடு வாக்குகளைப் பெற்றே ஆட்சிக்கு வந்தது. அந்த வாக்குகள் உண்மையானவை. அந்த மக்களுக்குப் பாடம் புகட்டும் உரிமை பாரிசுக்கோ பெர்லினுக்கோ கிடையாது.

ஆனால் ஒன்றியம் என்பது அண்டை வீட்டுக்காரர்களின் கூட்டம் அல்ல. ஹங்கேரியின் அமைச்சர் உங்கள் மேசையில் அமர்ந்து என்னை ஆளும் சட்டத்துக்கு வாக்களிக்கிறார். உறுப்பு நாடுகளில் 55 விழுக்காடும் மக்கள்தொகையில் 65 விழுக்காடும் சேர்ந்தால் பெரும்பாலான சட்டங்கள் நிறைவேறிவிடுகின்றன. வெளியுறவு, வரி, நீண்டகால வரவுசெலவுத் திட்டம் போன்றவற்றில் ஒரே ஒரு நாட்டின் மறுப்பு அனைவரையும் நிறுத்திவைக்கிறது. அந்த மறுப்பைப் பயன்படுத்துபவர் நேர்மையான போட்டியில் வென்று வந்தவரா என்பது அப்போது அவர் நாட்டின் உள்விவகாரமாக மட்டும் இருக்க முடியாது. 2022 ஹங்கேரித் தேர்தலைப் பார்வையிட்ட ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் பார்வையாளர்கள், வாக்குப்பதிவு ஒழுங்காக நடந்தாலும் போட்டியாளர்களுக்குச் சமமான களம் இருக்கவில்லை என்று பதிவு செய்தார்கள். சமமற்ற களத்தில் பெற்ற அதிகாரம் உங்கள் மன்றத்தின் வழியாக மற்ற நாட்டு மக்கள் மீதும் செல்லுபடியாகிறது. ஆகவே ஒன்றியம் தலையிடும்போது அது ஒரு நாட்டுக்கு ஒழுக்கம் கற்பிக்கப் புறப்படவில்லை. தன் சொந்தச் சட்டங்களின் நியாயத்தைத்தான் காத்துக்கொள்கிறது. அதோடு, அந்நாட்டில் ஆட்சியை ஏற்காதவர்களும் ஒன்றியக் குடிமக்களே. அவர்களுக்கும் ஒப்பந்தம் வாக்குறுதி கொடுத்திருக்கிறது.

கடமைக்கான காரணம் இதுவென்றால் அதன் எல்லையும் இதிலிருந்தே தெரியவரும். ஓர் அரசு குடும்ப உதவித்தொகையைக் கூட்டலாம், குடியேற்றத்தைக் குறைக்க வாதாடலாம், தேவாலயத்தோடு நெருங்கலாம், ஒன்றியத்தின் தலைமையகமான பிரசெல்சை நாள்தோறும் வசைபாடலாம். எனக்கு அவற்றில் பல பிடிக்காது. ஆனால் என் விருப்பமின்மை 7ஆம் பிரிவுக்கான காரணம் ஆகாது. அவை தேர்தலில் தீர வேண்டிய சங்கதிகள். இன்று தோற்றவர் நாளை வெல்லக்கூடிய வழி திறந்திருக்கிறதா என்பதையே உங்கள் மன்றம் பார்க்க வேண்டும். நீதிபதிகளை யார் அமர்த்துகிறார்கள், தேர்தல் விதிகளை யார் எந்த நேரத்தில் மாற்றுகிறார்கள், செய்தி நிறுவனங்கள் யார் கையில் குவிகின்றன, அரசு விளம்பரப் பணம் எங்கே போகிறது, வழக்குத் தொடுப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பவையே அங்கே கேட்க வேண்டிய கேள்விகள். ஒரு சிறுபான்மையினரின் உரிமை சட்டத்தால் பறிக்கப்படும்போது நீதிமன்ற வழி இருக்கிறது: 2021இல் ஹங்கேரி தன்பாலீர்ப்பைப் பற்றி இளையோர் பார்வைக்கு எதுவும் போகக்கூடாது என்று இயற்றிய சட்டத்தை எதிர்த்து ஆணையம் வழக்குத் தொடுத்தபோது, பல உறுப்பு நாடுகளும் ஐரோப்பிய நாடாளுமன்றமும் அதன் பக்கம் சேர்ந்துகொண்டன. அது முறையான பாதை. அதை நான் குறைத்துப் பேசவில்லை.

நீதிமன்றமே போதுமே, வாக்கெடுப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஹங்கேரி தன் நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62ஆகக் குறைத்த கதை இதற்கு விடை சொல்லும். ஒரே வெட்டில் மூத்த நீதிபதிகள் பெருமளவில் வெளியேற்றப்பட்டார்கள். ஆணையம் அதை நீதித்துறைச் சுதந்திரத்தின் மீதான தாக்குதல் என்று வழக்காடவில்லை. வயது அடிப்படையிலான பாகுபாடு என்ற சிறிய கதவின் வழியாகவே உள்ளே நுழைந்தது. 2012 நவம்பரில் தீர்ப்பு ஆணையத்துக்குச் சாதகமாகவே வந்தது. அதற்குள் காலியிடங்கள் நிரப்பப்பட்டிருந்தன. வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் தம் பழைய பொறுப்புகளுக்குத் திரும்பவில்லை. வழக்கு வென்றது, நீதித்துறை தோற்றது. போலந்து தன் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயதை 65ஆகக் குறைத்தபோது ஒன்றிய நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே இடைக்காலத் தடை விதித்ததால் அவர்கள் பணிக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் நீதிமன்றம் கற்றுக்கொண்டிருந்தது. உங்கள் மன்றம் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் நீதிமன்றம் ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்க முடியும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வேறெங்கோ ஒரு முன்மாதிரி இருக்கும். சேர்த்துப் பார்த்தால்தான் கட்டடம் தெரியும். சேர்த்துப் பார்த்துத் தீர்மானிப்பது அரசியல் பொறுப்பு, அதை ஒப்பந்தம் உங்களிடம்தான் தந்திருக்கிறது.

தலையிடும் அதிகாரத்தை அஞ்சுவதற்கும் வலுவான காரணங்கள் உண்டு. 1932 ஜூலை 20 அன்று ஜெர்மனியின் தலைமை அமைச்சர் ஃபிரான்ஸ் ஃபொன் பாப்பன், சில நாள்களுக்கு முன் ஆல்டோனாவில் நடந்த தெருக்கலவரத்தைக் காரணம் காட்டி, குடியரசுத் தலைவரின் நெருக்கடிநிலை ஆணையைக் கொண்டு பிரஷ்ய மாநில அரசைக் கைப்பற்றினார். ஒழுங்கை மீட்பதாகச் சொல்லிச் செய்யப்பட்ட அந்தச் செயல், குடியரசின் பக்கம் எஞ்சியிருந்த மிகப் பெரிய அரணை உடைத்துப்போட்டது. ஆறு மாதங்களில் ஆட்சிக்கு வந்த நாஜிகளுக்குப் பிரஷ்யக் காவல்துறை ஏற்கெனவே பறிக்கப்பட்ட நிலையில் கிடைத்தது. மையத்தின் கையில் இருக்கும் ஆயுதம் எப்போதும் நல்லவர் கையில் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

எங்கள் ஊர்ப்பக்க அனுபவமும் அதையே சொல்கிறது. தன்னை மாநிலங்களின் ஒன்றியம் என்று அரசமைப்பின் முதல் பிரிவிலேயே அழைத்துக்கொள்ளும் இந்தியா, 356ஆம் பிரிவின் வழியாக மாநில அரசுகளைக் கலைக்கும் அதிகாரத்தை மையத்துக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டின் அரசு 1976 ஜனவரியிலும் 1991 ஜனவரியிலும் அப்படிக் கலைக்கப்பட்டது. முதல் முறை நெருக்கடிநிலையின் நடுவே. காப்பதற்கென்று வந்த அதிகாரம் பழிவாங்குவதற்கு எவ்வளவு எளிதாகப் பயன்படும் என்பதை அறிய எங்களுக்கு நூல்கள் தேவைப்படவில்லை. 1994இல் பொம்மை வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டார்கள்: கலைப்பு ஆணை நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது, பெரும்பான்மை சட்டமன்றத்தில்தான் சோதிக்கப்பட வேண்டும் என்றார்கள். அதே தீர்ப்பு, அரசமைப்பின் அடிப்படைக் கூறான மதச்சார்பின்மைக்கு எதிராகச் செயல்படும் மாநில அரசின் மீது மையம் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொன்னது. அடித்தளத்தைக் காக்கும் அதிகாரம் வேண்டும், அது காரணங்களாலும் மேலாய்வாலும் கட்டப்பட்டிருக்கவும் வேண்டும் என்ற இரண்டையும் ஒரே தீர்ப்பு சொன்னதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் உங்கள் 7ஆம் பிரிவு எவ்வளவு அடக்கமானது என்பது புரியும். அது எந்த அரசையும் கலைப்பதில்லை. ஆளுநரையோ காவல்துறையையோ அனுப்புவதில்லை. யாரும் ஒன்றியத்திலிருந்து வெளியேற்றப்படுவதும் இல்லை. அந்நாட்டு மக்கள் தம் அரசைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். அதன் கடுமையான எல்லையில்கூட அந்த அரசு மற்றவர்களை ஆளுவதில் பங்கெடுப்பது மட்டுமே நிறுத்திவைக்கப்படுகிறது. தலையீட்டுக்கான நியாயம் எதுவோ அதற்கு நேர்ப்பொருத்தமான கருவி இது. இதைவிட மென்மையான, இதைவிட நேர்மையான கருவி கூட்டாட்சிகளின் வரலாற்றில் அதிகம் இல்லை. இதை விட்டுவிட்டு நீங்கள் எடுத்துக்கொண்டது பணத்தை.

2020 டிசம்பரில் நிறைவேறிய நிபந்தனை விதிமுறை, சட்டத்தின் ஆட்சி மீறப்பட்டு ஒன்றியத்தின் நிதி ஆபத்துக்குள்ளானால் நிதியை நிறுத்த வழிசெய்கிறது. ஒன்றிய நீதிமன்றம் 2022 பிப்ரவரி 16 அன்று அதைச் செல்லும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் உங்கள் மன்றம் ஹங்கேரிக்குச் சேர வேண்டிய ஏறத்தாழ 630 கோடி யூரோவை நிறுத்தியது. பொதுப்பணம் திருடப்படாமல் காப்பது முற்றிலும் நியாயமானது. அதை நான் எதிர்க்கவில்லை. பண அழுத்தத்துக்குப் பயன் இருந்ததையும் மறுக்கவில்லை. ஆனால் விழுமியங்களைக் காக்கும் முதன்மைக் கருவியாகவே பணம் மாறியபோது இரண்டு தீங்குகள் நேர்ந்தன.

முதல் தீங்கு, அடி யார் மீது விழுந்தது என்பது. ஹங்கேரியின் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றை அந்நாட்டு அரசு பொதுநல அறக்கட்டளைகளுக்கு மாற்றி, அவற்றின் நிர்வாகக் குழுக்களில் ஆளுங்கட்சியினரை அமர்த்தியது. அந்த அறக்கட்டளைகளோடு ஒன்றியம் புதிய நிதி உடன்பாடு எதையும் செய்யக்கூடாது என்று நீங்கள் முடிவெடுத்தீர்கள். விளைவாக எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றமும் ஹொரைசன் ஆய்வு நிதியும் அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு அடைபட்டன. நிர்வாகக் குழுவை அமர்த்தியவர் அந்த மாணவர் அல்லர், ஆய்வாளரும் அல்லர். பிற நாட்டவரோடு சேர்ந்து படிக்கவும் சிந்திக்கவும் மிகவும் விரும்பிய இளைஞர்களே தண்டனையைச் சுமந்தார்கள். தண்டிக்கப்பட வேண்டிய அமைச்சரோ அடுத்த மாதமும் உங்கள் மேசையில் வந்து அமர்ந்து வாக்களித்தார். விதிமுறை, இறுதிப் பயனாளிகளுக்குத் தர வேண்டியதை அந்நாட்டு அரசே தொடர்ந்து தர வேண்டும் என்கிறது என்பதை அறிவேன். அந்த வரியை நம்பி ஒரு மாணவர் அடுத்த பருவத்துக்குத் திட்டமிட முடியாது.

இரண்டாம் தீங்கு இன்னும் ஆழமானது. விலை குறிக்கப்பட்ட பொருள் பேரத்துக்கு வரும். 2023 டிசம்பர் 13 அன்று ஆணையம் ஹங்கேரிக்கு ஏறத்தாழ 1,020 கோடி யூரோவுக்கான கதவைத் திறந்தது. மறுநாள், உக்ரைனோடு சேர்க்கைப் பேச்சு தொடங்குவது குறித்து ஐரோப்பிய மன்றம் முடிவெடுத்த நேரத்தில் ஹங்கேரியின் தலைமை அமைச்சர் விக்தோர் ஒர்பான் அறையை விட்டு வெளியே போயிருந்தார். அவர் இல்லாமல் முடிவு நிறைவேறியது. அந்த ஆண்டு மே மாதம் ஹங்கேரி செய்த நீதித்துறைச் சீர்திருத்தமே நிதி விடுவிப்புக்குக் காரணம் என்றது ஆணையம். ஐரோப்பிய நாடாளுமன்றமே அதை ஏற்காமல் 2024 மார்ச்சில் ஆணையத்தின் மீது வழக்குத் தொடுத்தது. உக்ரைனின் எதிர்காலம் முக்கியமானது. அதற்காக எதையும் விட்டுக்கொடுக்கலாம் என்று உங்களில் சிலர் நினைத்திருந்தால் அதன் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு நாள்களில், ஹங்கேரியின் நீதிபதிகள் சுதந்திரமாக இருக்கிறார்களா என்ற கேள்வி வேறொரு கணக்கின் ஓரத்தில் எழுதப்படும் எண்ணாக ஆகிவிட்டது. வாக்கெடுப்புக்கு அந்த ஆபத்து குறைவு. ஒரு நாட்டில் அபாயம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்றே பதில் சொல்ல முடியும். நாற்பது விழுக்காடு ஆம் என்று தவணை முறையில் சொல்ல முடியாது.

நீங்கள் வாக்கெடுப்பைத் தவிர்ப்பதற்குச் சொல்லப்படாத காரணங்கள் இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, தோற்றுவிட்டால் அந்த அரசுக்கு நற்சான்றிதழ் கொடுத்ததாகிவிடும் என்ற அச்சம். இது நேர்மையான அச்சம்தான். ஆனால் முடிவே இல்லாத விசாரணையும் ஒரு சான்றிதழ்தான்; அது, இந்த நிலையோடு எங்களால் காலம் தள்ள முடியும் என்று அந்த அரசுக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்த அரசுக்கும் சொல்கிறது. தோல்வியடைந்த வாக்கெடுப்பில்கூட யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது பதிவாகும். என் நாட்டு அமைச்சர் எந்தப் பக்கம் நின்றார் என்று நான் கேட்கவும், அடுத்த தேர்தலில் அதற்குரிய பதிலைத் தரவும் முடியும்.

இரண்டாவது காரணத்தை நேர்மையான அச்சம் என்று சொல்ல மாட்டேன். ஃபிடெஸ் கட்சி 2019 மார்ச் வரை ஐரோப்பிய மக்கள் கட்சி என்ற வலதுமையக் கட்சிகளின் குடும்பத்தில் முழு உறுப்பினர். அப்போது உறுப்புரிமை இடைநிறுத்தப்பட்டது. 2021 மார்ச்சில் கட்சி தானாகவே வெளியேறியது. புதிய அரசமைப்பு 2011இல் வந்தது. தாராளவாதமற்ற அரசைக் கட்டுவதாக ஒர்பான் வெளிப்படையாக உரையாற்றியது 2014இல். அத்தனை ஆண்டுகளும் ஹங்கேரியின் நாடாளுமன்ற இருக்கைகள் அந்தக் குடும்பத்தின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தன. மற்ற குடும்பங்கள் இதைச் சுட்டிக்காட்டி மகிழ வேண்டியதில்லை. 2017 பிப்ரவரியில் ருமேனியாவில் ஊழல் குற்றங்களைத் தளர்த்தும் அவசர ஆணையை எதிர்த்து லட்சக்கணக்கானோர் தெருவில் நின்றபோது ஆட்சியில் இருந்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர்; ஐரோப்பிய சோசலிஸ்டுகள் அக்கட்சியோடு உறவை நிறுத்திவைக்க 2019 வரை ஆயிற்று. தன் வீட்டுப் பிள்ளை என்றால் தவறு சிறிதாகத் தெரிகிறது. ஆஸ்திரியாவில் 2000 பிப்ரவரியில் தீவிர வலதுசாரிச் சுதந்திரக் கட்சி கூட்டணி ஆட்சியில் சேர்ந்தபோது மற்ற 14 நாடுகளும் உடனடியாக அந்நாட்டோடு உறவைக் குறைத்துக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். அந்த அரசு அதுவரை எதையும் செய்திருக்கவில்லை. செப்டம்பருக்குள், மூன்று அறிஞர்களின் அறிக்கை வந்ததும், நடவடிக்கைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. செயலுக்கு முன்பே, வந்தவர் யார் என்பதை வைத்துத் தண்டித்த அந்த அவசரமும், செயல்கள் குவிந்த பிறகும் நண்பர் என்பதற்காகக் காத்த மௌனமும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

அந்தப் பிழை இன்னும் திருத்தப்படவில்லை என்பதற்குப் போலந்தே சான்று. 2023 அக்டோபரில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் வாக்களித்து ஆட்சியை மாற்றினார்கள். அது போலந்து மக்களின் சாதனை. ஒன்றியம் அதில் உரிமை கொண்டாட அதிகம் இல்லை. ஆனால் 2024 மே மாதம் ஆணையம் 7ஆம் பிரிவு நடவடிக்கையை முடித்துக்கொண்டபோது, நீதித்துறையைச் சீர்செய்யும் சட்டங்களில் முக்கியமானவை இன்னும் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. அரசின் செயல்திட்டமும் உறுதிமொழியுமே கையில் இருந்தன. முந்தைய அரசு இதே உறுதிமொழியோடு வந்திருந்தால் ஏற்றிருப்பீர்களா? புதிய அரசு பொதுத் தொலைக்காட்சி நிர்வாகத்தை மாற்ற, அந்த நிறுவனத்தையே சட்டப்படி கலைப்பு நிலைக்குக் கொண்டுபோன வழியும் போலந்துக்குள்ளேயே கேள்விக்குள்ளானது. கெடுக்கப்பட்டதைச் சீர்செய்பவர்களுக்கும் விதிகள் உண்டு என்பதை நீங்கள் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால், வார்சாவில் தோற்றவர்கள், சட்டத்தின் ஆட்சி என்றால் பிரசெல்சுக்குப் பிடித்தவரின் ஆட்சி என்று சொல்வதற்கு இடம் கிடைத்தது. 2024 டிசம்பரில் ருமேனிய அரசமைப்பு நீதிமன்றம் குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்றையே செல்லாது என்றபோது ஐரோப்பியத் தலைநகரங்களில் வெளிப்பட்ட நிம்மதியும் என்னைச் சங்கடப்படுத்தியது. அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் நடந்து முடிந்த தேர்தலை ரத்து செய்வது எந்த ஜனநாயகவாதியும் நிம்மதியோடு பார்க்கக்கூடிய காட்சி அல்ல.

எனவே உங்களிடம் நான் வேண்டுவது ஒப்பந்தத் திருத்தத்தை அல்ல. அது பல்லாண்டு வேலை, அதற்கும் ஒருமனது வேண்டும். இப்போதுள்ள விதிகளுக்குள்ளேயே, உங்கள் சொந்த நடைமுறை முடிவால் செய்யக்கூடியதைக் கேட்கிறேன். 7ஆம் பிரிவின் முதல் கட்டத்தில் எந்த நாட்டின் மீது முன்மொழிவு வந்தாலும், அது உங்கள் மன்றத்தை அடைந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வாக்கெடுப்புக்கு வரும் என்று அறிவியுங்கள். ஆண்டுக்கு இருமுறை மாறும் தலைமை நாட்டின் விருப்பத்துக்கு அதை விட்டுவிடாதீர்கள். விசாரணை அமர்வுகளைத் திறந்த அவையில் நடத்துங்கள். சட்டம் இயற்றும்போது உங்கள் விவாதத்தை மக்கள் பார்க்கலாம் என்றால், ஒரு நாட்டின் ஜனநாயகத்தை மதிப்பிடும்போதும் பார்க்கலாம். அந்நாட்டு அரசு பேசிய பிறகு, அந்நாட்டு நீதிபதிகளின் சங்கங்களையும் எதிர்க்கட்சிகளையும் நகர மேயர்களையும் பேச அழையுங்கள். புடாபெஸ்ட், வார்சா, பிராக், பிராட்டிஸ்லாவா நகரங்களின் மேயர்கள் 2019 டிசம்பரில் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு ஒன்றியத்தின் நிதியை நகரங்களுக்கு நேரடியாகத் தரும்படி கேட்டது எந்த நிலையில் என்பதை அவர்கள் வாயிலாகவே கேட்டுக்கொள்ளுங்கள். நிதியை நிறுத்த நேர்ந்தால், மாணவருக்கும் ஆய்வாளருக்கும் நகராட்சிக்கும் நேரே போய்ச் சேரும் வழியை அதே நாளில் திறந்துவிடுங்கள்.

7ஆம் பிரிவு முடிவுகளில் ஒன்றிய நீதிமன்றம் நடைமுறையை மட்டுமே ஆராய முடியும் என்பதால், வாக்களித்த ஒவ்வொரு அமைச்சரும் தம் காரணத்தை எழுத்தில் தருவது இன்னும் அவசியமாகிறது. தொடங்கிய நடவடிக்கையை முடிக்கும்போதும் அதே முறை இருக்கட்டும்: எந்தச் சட்டம் மாறியது, எந்த நீதிபதி திரும்பினார், எது இன்னும் மிச்சம் என்ற விவரங்களோடு, அது உங்களுக்குப் பிடித்த அரசாக இருந்தாலும்.

இந்த மடலுக்கு மன்றத்தின் செயலகம் அனுப்பும் பொதுவான ஒப்புகைக் கடிதம் எனக்குத் தேவையில்லை. என் நாட்டின் அமைச்சர், 2018க்குப் பிறகு முதல் கட்ட வாக்கெடுப்பை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி எந்தக் கூட்டத்திலாவது கேட்டாரா, கேட்டிருந்தால் எப்போது, கேட்கவில்லை என்றால் ஏன் என்று எழுதினால் போதும். மற்ற நாடுகளில் வாழும் வாசகர்களும் தத்தம் அமைச்சரிடம் இதையே கேட்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒன்றியத்தின் குடிமகன் ஒருவன்